முகம் பொருந்தியது

கள்ளக்குறிச்சியில் காலை ஏழு மணிக்குக் கிளம்பிய பேருந்து வெள்ளிமலையில் ஷாலினியை இறக்கிவிட்டபோது மணி ஒன்பதரை. இறங்கிய இடத்தில் பனி இன்னும் கலையவில்லை. எங்கோ பக்கத்தில் டீ ஆற்றும் சத்தம் கேட்டது. கடை கண்ணுக்குத் தெரியவில்லை.

பனிக்குள்ளிருந்து ஒரு பழைய மொபெட் வந்து நின்றது.

"ஷாலினிங்களா? நான்தான் தெய்வசிகாமணி. ஏறுங்க, பைய முன்னாடி வச்சிக்கலாம்."

"வூடு ரொம்ப தூரமாங்க?"

"தூரம் இன்னா தூரம். அதோ டவர் தெரியுது பாருங்க, அதுக்குக் கீழதான்."

அவன் கை காட்டிய பக்கம் வெள்ளையாக இருந்தது. "சரி, பனி போனா தெரியும்," என்று அவனே சிரித்துக்கொண்டான்.

அவனை அவள் முன்பின் பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியில் அவள் படித்த மாலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: சாஃப்ட்வேர் டெஸ்டிங், நல்ல ரேட்டிங் உள்ள ஐடி, உட்கார்ந்து செய்ய ஆள் வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரியும். வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கும் வெளிநாட்டு இணையதளங்களில் புதுப் பெயரை யாரும் சீண்டுவதில்லை. அதனால் ஏற்கெனவே பெயர் வாங்கிய ஒருவரின் கணக்கில் புகுந்து, அவர் பெயரில் வேலை செய்வது. தப்புதான். வகுப்பில் ஆறு பேர் அந்தத் தப்பைச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஷாலினி தன் சொந்தப் பெயரில் நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் போட்டிருந்தாள். ஒவ்வொன்றையும் தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். பதில் வந்தது பதினொன்றுக்கு. பதினொன்றும் வருத்தம் தெரிவித்தன. நூறாவது விண்ணப்பத்துக்குப் பிறகு, குறை கம்பெனிகளிடம் இல்லை, தன்னிடம்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். ஒருநாள் அம்மா ஜெயம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதபோது, அழுகையை நிறுத்த வேறு வழி தெரியாமல், "வேல கெடச்சிடுச்சும்மா," என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ரிஷிவந்தியத்தில் அவர்கள் தெரு முழுக்க லட்டு போய்ச் சேர்ந்தது. இனிமேல் வேலை இல்லாமல் அந்தத் தெருவில் அவளால் நடக்க முடியாது.

கணக்கு தெய்வசிகாமணியின் தங்கை செந்தமிழ்ச்செல்வியுடையது. கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போய்விட்டாளாம். "மூணு மாசம் உக்காருங்க," என்று போனில் சொல்லியிருந்தான். "அப்புறம் செல்வி வேலைய வுடறா, அவ தோழி ஷாலினிய எடுத்துக்கங்கன்னு கம்பெனிக்கு எழுதிடலாம். உங்க பேர்லயே வேல."

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளுக்காகத்தான் அவள் மலையேறினாள்.

ஓட்டு வீடு. உள்ளறையில் பழைய துணியும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. ஜன்னலோரம் மேசை, மேசைமேல் மடிக்கணினி, எதிரே மெத்தை வைத்த மர நாற்காலி. மெத்தையின் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம்.

"இந்த மிஷினும் இந்த வூட்டு லைனும் இருந்தாதான் ஐடி தொறக்கும். அதான் கீழ எடுத்துக்கினு போவ முடியாது," என்றான் தெய்வசிகாமணி. "அப்புறம், நாற்காலிய மட்டும் நகத்தாதீங்க."

"ஏன், அதுக்கும் நெட்டு கனெக்‌ஷனா?"

அவன் சிரிக்கவில்லை.

அவன் அம்மா லட்சுமியம்மாள் வாசலில் வந்து நின்றாள். ஷாலினியைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். செந்தமிழ்ச்செல்வி என்ற பெயரின் பக்கத்தில் மிளகளவு ஒரு பச்சைப்புள்ளி, ஆள் இணைப்பில் இருப்பதற்கு அடையாளம்.

"எரியுதா?"

"எரியுதும்மா," என்றான் மகன். அவள் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் திரையில் ஒரு வட்டம் தோன்றியது. கணக்கின் உரிமையாளர்தான் வேலை செய்கிறாரா என்று சரிபார்க்க வேண்டும், முகத்தைக் காட்டவும். ஷாலினி தெய்வசிகாமணிக்குப் போன் போட்டாள்.

"பயப்படாதீங்க. உக்காந்த எடத்துலயே உக்காந்துகினு இருங்க. அதுவே எடுத்துக்கும்."

"உங்க தங்கச்சி மொகத்த இல்லீங்களா கேக்குது?"

"எடுத்துக்கும்னு சொல்றன்ல."

வட்டத்துக்குள் அவளுடைய வெளிறிய முகம். விளிம்பு மெல்ல மெல்லப் பச்சையானது. முகம் பொருந்தியது.

மென்பொருளில் பிழை என்று நினைத்தாள். பிழைகளைக் கண்டுபிடிப்பதுதானே தன் தொழில் என்று நினைத்துக் கொஞ்சம் தைரியமும் வந்தது.

இரண்டாவது வாரம் கம்பெனியிலிருந்து பாராட்டு வந்தது. நேற்று நீ கண்டுபிடித்த ஒன்பது பிழைகளும் அருமை.

அவள் கண்டுபிடித்தது நான்கு.

நோட்டைப் பார்த்தாள். நான்குதான். மீதி ஐந்தும் மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று நாற்பதுக்குள் எழுதப்பட்டிருந்தன. அந்த நேரம் அவள் அடுப்படியில் லட்சுமியம்மாளோடு சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி காட்டில் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தான். ஐந்தையும் படித்தாள். தன்னால் அவ்வளவு தெளிவாக எழுத முடியாது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. ஒருவேளை நாமே எழுதிவிட்டு மறந்துவிட்டோமோ என்றும் தோன்றியது. தன்னைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பழகிய வேலை.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மெத்தை சூடாக இருந்தது.

சந்தேகம் வந்தால் யோசிக்காதே, சோதித்துப் பார் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோட்டில் மூன்று கட்டம் போட்டாள். செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது. அடுத்த முகச் சோதனைக்காகக் காத்திருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அது வந்தது. ஜன்னல் வழியாகப் பனி அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஷாலினி சத்தமில்லாமல் எழுந்து, பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். அங்கிருந்து திரை நன்றாகத் தெரிந்தது. நாற்காலியின் முதுகு, அதற்குப் பின்னால் காரை பெயர்ந்த சுவர். வேறொன்றும் இல்லை.

செய்தது: எழுந்துவிட்டேன். எதிர்பார்த்தது: முகம் இல்லை என்று சொல்லும்.

வட்டம் அசைந்தது.

இப்படியும் அப்படியும் தேடி, நாற்காலி முதுகுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது.

சற்று அருகில் வரவும், என்றது திரை.

நாற்காலி கிறீச்சென்றது.

மெத்தையின் பள்ளம் முன்பக்கமாக நகர்ந்தது.

முகம் பொருந்தியது.

மூன்றாவது கட்டத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. அடுப்படிக்கு ஓடினாள். லட்சுமியம்மாள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க பொண்ணு எந்த நாட்டுல இருக்காங்க?"

முறம் நின்றது.

"மஞ்சக்காமாலை, கண்ணு. முத்திப்போச்சி. ஜீப்புல கீழ எறக்கிக்கினு போறோம், மடியில பொட்டிய வச்சிக்கினு தட்டிக்கினே வரா. சும்மா படுடின்னா, இன்னிக்கி முடிக்கலன்னா பேரு கெட்டுடும்மான்றா. மூணாவது வளைவுல தட்டற சத்தம் நின்னுபோச்சி. தூங்கறான்னு நெனச்சன்."

"அப்பவே கணக்க மூடியிருக்கலாமேம்மா."

"பதினாறு நாள் கழிச்சிப் பொட்டிய தொறந்தா பச்ச எரியுது. நாங்க யாரும் தொடல. ரெண்டு மாசம் வேல நடக்கலன்னா கம்பெனிக்காரன் பேர எடுத்துடுவானாம். எம்பொண்ணு பேர எடுத்துடுவானாம். எனக்கு இன்னா தெரியும், எழுதப் படிக்கவா தெரியும்? அதான் பெரியவன் ஆளு கூட்டியாந்தான்."

"எனக்கு முன்னாடியும் வந்தாங்களா?"

"ரெண்டு பேரு. பொட்டிப்படுக்கையக்கூட எடுக்காம ஓடிட்டாங்க." அவள் ஷாலினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ யாரையும் ஒன்னும் பண்ண மாட்டா கண்ணு. வேல செய்வா, அவ்ளோதான். நீ ஓடாத."

ஷாலினி அறைக்கு வெளியே நின்றபடியே கையை நீட்டிப் பையை இழுத்தாள். துணிகளைத் திணித்தாள். கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு. வாசல்வரை வந்துவிட்டாள். கீழே போனால் நூற்று நாற்பத்து நான்காவது விண்ணப்பம். தெருமுனையில் யாராவது, "இன்னா ஷாலினி, லீவா?" என்று கேட்பார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்வாள்.

பேருந்தின் ஹாரன் பனிக்குள் இரண்டு முறை கேட்டு, தேய்ந்து, நின்றது.

அவள் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டாள். முதலில் பயத்தினால். பிறகு வேலை நன்றாக நடந்ததால். ஒருநாள் எவ்வளவு முட்டியும் பிடிபடாத ஒரு பிழையின் முன்னால் எழுந்து நின்று, வெறும் நாற்காலியைப் பார்த்து, "அக்கா, இது எனக்குப் புரியல," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது விடை இருந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். நன்றியா, அசிங்கமா, அவளுக்கே தெரியவில்லை. சிபாரிசுக் கடிதத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள்.

தொண்ணூறாம் நாள், செந்தமிழ்ச்செல்வி எழுதுவது போல அந்தக் கடிதத்தை எழுதினாள். நாலே வரி. அனுப்புவதற்கு முன் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

வந்து பார்த்தபோது கடிதம் போயிருந்தது. அதில் ஐந்து வரிகள் இருந்தன.

ஷாலினியும் நானும் சேர்ந்தே வேலை செய்தோம், இனியும் அப்படித்தான்.

கம்பெனியின் பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. மகிழ்ச்சி. ஷாலினி தன் பெயரில் கணக்குத் தொடங்கட்டும். திங்கட்கிழமை சேரலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரிஷிவந்தியத்தில் நல்ல வெயில். பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தி மகனிடம் இரவல் வாங்கிய மடிக்கணினியைக் கூடத்தில் வைத்து, பெயர் என்ற இடத்தில் ஷாலினி என்று அடித்தாள். மூன்று எழுத்தை அடிக்கக் கண் கலங்கியது. கடைசியாக முகப் பதிவு. வட்டம் வந்தது. அதற்குள் அவள் முகம். அவளுடையதேதான், நெற்றியோரம் சின்ன வயதுத் தழும்புகூடத் தெரிந்தது.

சற்று அருகில் வரவும்.

அருகில் போனாள்.

இந்த முகம் ஏற்கெனவே செந்தமிழ்ச்செல்வி என்ற பெயரில் பதிவாகியுள்ளது.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பொட்டை எடுத்தாள். தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டினாள். மறுபடியும் அதே வரி. நான்காவது முறை முயன்றபோது ஜெயம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள்.

"யாருடி இந்தப் பொண்ணு? உங்கூட வேல செய்யறவளா? லட்சணமா இருக்கா."

ஷாலினி திரையைத் தொட்டுக் காட்டினாள். "அம்மா, அது நான்தாம்மா."

"போடி, வெளையாடாத." ஜெயம்மாள் சிரித்தபடி இன்னும் குனிந்தாள். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

"பின்னாடி நான் நிக்கறது தெரியுது. உன்னத்தான் காணோம்."