அதோட போங்க

லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் போனோம். மூடிய கதவுக்குள் தம்பி நிற்க மாட்டான். என் முழங்கால் அவனைத் திட்டிக்கொண்டே ஏறியது. மனநல டாக்டரம்மாவின் அறைக் கதவையும் திறந்தே வைக்கச் சொன்னான். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. "சரி, அக்காவும் கூடவே உக்காரட்டும்" என்றார்.

அவனும் என் வீட்டுக்காரரும் ஒரே குளிர்க்கிடங்கில் வேலை பார்த்தார்கள். உள்ளே மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து போயிருந்தது. விடிந்து ஆட்கள் வந்து திறந்தபோது இவனுக்கு மட்டும் உயிர் இருந்தது. அவர் தன் கோட்டையும் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டிருந்தார். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கமே இல்லை. புருஷனைப் பறிகொடுத்தாகிவிட்டது, தம்பியையாவது அந்தக் கிடங்கிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் இழுத்து வந்தேன்.

வைத்தியம் வேடிக்கையாக இருந்தது. டாக்டரம்மா அவன் முகத்துக்கு நேரே இரண்டு விரல்களை இடமும் வலமுமாக ஆட்டுவார். அன்று நடந்ததை மனசில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், கண்ணால் மட்டும் அவன் அதைத் தொடர வேண்டும்.

"நடுநடுவுல நிறுத்தி, என்ன வருதுன்னு கேப்பேன். எது வந்தாலும் தடுக்காதீங்க. 'அதோட போங்க'ன்னு சொல்லுவேன், அவ்வளவுதான்."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. இவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அடுப்பில் பாலைப் பார்த்துக்கோ என்றால், பொங்கி வழிந்து தீயும்வரை பக்கத்திலேயே நிற்பான். கேட்டால், "பாத்துக்கிட்டுதானேக்கா இருந்தேன்" என்பான்.

விரல்கள் ஆடின. கண்கள் ஆடின.

"இப்ப என்ன வருது?"

"கதவு."

"அதோட போங்க."

ஈர அட்டைப்பெட்டியின் நாற்றம் வந்தது. ஜன்னல் வழியாக என் பாதத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது, ஆனாலும் கால்விரல்கள் மரத்துப்போயின.

"இப்ப?"

"மாமா. பெட்டி மேல உக்காந்திருக்காரு."

"அதோட போங்க."

அவன் மூச்சு புகையாக வெளியே வந்தது.

டாக்டரம்மா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"இப்ப?"

"எழுந்துட்டாரு. கையை நீட்டுறாரு." அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "வாடா, இடம் மாத்திக்கலாங்கறாரு."

வேணாம்டா என்று கத்தினேன். காற்றுதான் வந்தது.

"அதோட போங்க" என்றார் டாக்டரம்மா, வாய்ப்பழக்கமாக.

"சரிங்க" என்றான் தம்பி.

டாக்டரம்மா விரலாட்டுவதை நிறுத்திக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் கண்கள் நிற்கவில்லை.

இடம், வலம். இடம், வலம்.

எந்த விரலைப் பார்க்கிறான்?

பிறகு மெதுவாக நின்றன. என் பக்கம் திரும்பினான்.

"ஏம்மா, ஒழுங்கா சாப்பிடறதில்லையா? பாதியாயிட்டியே."

பேச்சு வந்த நாளிலிருந்து தம்பி என்னை அக்கா என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைத்ததில்லை. அந்த 'ம்மா' என் வீட்டுக்காரருடையது.

அவன் எழுந்து போய்த் தானே கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, எவ்வளவு நல்ல முன்னேற்றம்!"

லிஃப்டில்தான் இறங்கினோம். கதவு மூடியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணமே கையை உருவிக்கொண்டேன். அப்படியானால் தம்பி எங்கே?

வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுதேன். "அவன் உள்ளயே மாட்டிக்கிட்டான் டாக்டர். இன்னொரு தடவை உக்கார வச்சு, வெளிய கூப்பிட்டுருங்க."

"தம்பி தேறிட்டாரும்மா. உங்களுக்குத்தான் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றார் ஆறுதலாக.

டாக்டரிடம் இன்னொரு தடவை வாங்க என்று வீட்டில் இவரிடம் கெஞ்சினால் சிரிக்கிறார். "எனக்குத்தான் சரியாயிடுச்சே, எதுக்கும்மா?" கதவைச் சாத்திக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

இன்று காலை டீ போட எழுந்தேன். சமையலறையில் எதையோ தட்டும் சத்தம்.

ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து.

"அக்கா."

திறந்தேன். பால் பாக்கெட், தக்காளி, மஞ்சள் விளக்கு.

"அக்கா, திறக்கா. குளிருதுக்கா."

குரல் பின்பக்கத் தகட்டுக்கும் அப்பால், நீளமான ஓர் இடத்தின் கோடியிலிருந்து வந்தது. தகட்டில் உறைந்திருந்த பனிக்கட்டியை நகத்தால் பிறாண்டினேன். "இருடா, அக்கா வந்துட்டேன், இருடா."

என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு கதவைப் பிடித்தது.

"மூடும்மா" என்றார். "குளிர் வெளிய வருது."