மிச்சத்தைச் சொல்கிறவர்

கட்டிலில் எல்லாம் இருந்தது, தலையணை மட்டும் இல்லை. இரும்புக் கட்டிலின் கீழ்த்தட்டு, மறைப்புக்குக் கட்டிய பழைய போர்வை, கம்பியில் காய்ந்து விறைத்த துண்டு, சுவரில் ஒட்டிய மகளின் பள்ளிக்கூடப் படம், எல்லாமே பாலா விட்டுப்போன மாதிரி அப்படியே இருந்தன. ஆள் செத்து ஒன்பது நாள் ஆகியும் அந்தப் படுக்கைக்கு வேறு ஆள் வரவில்லை.

தலையணை எங்கே என்று, சாவை விசாரிக்க வந்த லியாங் கேட்டார். யாராவது எடுத்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்த கடைக்காரர் கௌஸ் முகம்மது பாதியில் நிறுத்திக்கொண்டார். தொழிலாளர் கேம்ப்பில் சோப்பை எடுப்பார்கள், சார்ஜரை எடுப்பார்கள், செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போவார்கள். அடுத்தவன் தலையணையை எவனும் தொடமாட்டான். கௌஸுக்கும் ஒரு தலையணை உண்டு. காயல்பட்டினத்தில் இருக்கும் மனைவி அஸ்மத் பீவி கைப்பட நீலப் பூ தைத்துக் கொடுத்த உறை. பதினோரு வருஷமாக அதில் தலை வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

லியாங் பையிலிருந்து நாலு படங்களை எடுத்துக் கட்டிலில் வரிசையாக வைத்தார். வேறு வேறு கேம்ப், வேறு வேறு கட்டில். நாலிலும் தலையணை இல்லை.

வளைகுடா நாட்டின் அந்தச் சோனாப்பூரில் எல்லாரும் அவரைச் சீனாக்காரர் என்றுதான் சொன்னார்கள். அவர் பிறந்தது அமெரிக்காவில். இருபத்தாறு வருஷம் அங்கே போலீஸில் துப்பறிந்தவர், இப்போது தொழிலாளிகளுக்குக் காப்பீடு தரும் கம்பெனிக்காக வந்திருக்கிறார். பக்கத்து பிளாக் சீனர்கள் ஓடிவந்து ஏதோ கேட்க, பாவம், சீனமே தெரியாத மனுஷன் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்து காலையில் கௌஸ் சிரித்திருந்தார். அந்தச் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. பதினாலு மாதத்தில் ஐந்து பேர். ஐவரும் தமிழர்கள், ஐவரும் இரவு டூட்டி, ஐவரும் பகலில் திரைக்குள் தூங்கும்போது போனவர்கள். காகிதத்தில் மாரடைப்பு. ஒரே ஆளின் கை இது, இன்னும் அவன் நிறுத்தவில்லை என்று லியாங் சொன்னபோது, வராந்தா முழுக்க ஏசி இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. மூடிய கதவுகளுக்குப் பின்னால் எத்தனை பேர் தூங்குகிறார்கள், எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

கௌஸ் கேம்ப் வாசலில் மளிகைக் கடை வைத்திருப்பவர். ஐந்து வீட்டுக்கும் சாவுச் செய்தியைச் சொன்னது அவர்தான். அதனால்தான் லியாங் அவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்.

வளைகுடாவில் சாவை யாரும் ஒரே போனில் சொல்வதில்லை. முதல் போனில், கொஞ்சம் உடம்புக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்பார்கள். வீட்டில் நாலு பேர் கூடட்டும், மனசு கொஞ்சம் தயாராகட்டும் என்று இரண்டு மணி நேரம் விட்டு, இரண்டாவது போனில்தான் விஷயம் போகும். அந்த இரண்டாவது போன் எப்போதும் கௌஸ் தலையில் விழும். முதல் போனை ரூம்காரர் யாராவது போட்டிருப்பார்கள். யார் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ரூம்காரர்களோ கௌஸ் பாய்தான் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளதைச் சொன்னால், பாதி பாரத்தை யாரோ சுமந்துவிட்டார்களே என்று அவருக்கு நிம்மதியாகவே இருந்தது. இப்போது அந்த நிம்மதியை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

லியாங் சொன்னபடி, பாலாவின் மனைவி பத்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

முதல் போன் எப்போது வந்தது, யார் பேசியது என்று கௌஸ் கேட்டார். குழாயடியிலிருந்து வந்தவள் போல மூச்சு வாங்கினாள் பத்மா. நம்பர் தெரியவில்லை, ஏதோ ஆப்பில் வந்தது, போனில் இன்னும் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னாள். ஒன்று பத்து.

"ரொம்பத் தன்மையாப் பேசுனாருண்ணே. பதறாதீங்கம்மா, கொஞ்சம் உடம்புக்கு முடியலன்னாரு. அவருக்குப் போன் போடாதீங்க, போன் எங்கிட்டதான் இருக்குன்னாரு. மிச்சத்த கௌஸ் பாய் சொல்லுவாருன்னாரு."

கௌஸ் ஏதோ ஆறுதல் சொல்லிப் போனை வைத்தார். நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று லியாங்கிடம் சொன்னார். பாலாவை ரூம்காரர் எழுப்பிப் பார்த்தது ஒரு மணிக்கு, வீட்டுக்குப் போன் ஒன்று பத்துக்கு. பார்த்த பிறகுதான் போன் போயிருக்கும் என்பதே ஒன்பது நாளாக அவர் மனசில் இருந்த கணக்கு.

லியாங் கைக்கடிகாரத்தை விரலால் தட்டினார். அந்த ஒன்று பத்து எந்த ஊர் ஒன்று பத்து என்று மெதுவாகக் கேட்டார்.

ஊர் நேரம். இங்கே ஒன்றரை மணி நேரம் கழிக்க வேண்டும். பதினொன்று நாற்பது.

பதினொன்று நாற்பதுக்கு பாலா சாகவில்லை. பன்னிரண்டு மணிக்கு, மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால், அவன் கௌஸின் கடையில் நின்றான். தூக்கம் வரவில்லை பாய், மோர் ஜில்லென்று இருக்கா என்று கேட்டான். பாக்கெட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு, இந்த வெயிலில் உங்கள் தாடிகூட வேர்க்கிறதே என்று கேலி செய்தான். உயிரோடு. அவன் மோர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் பெண்டாட்டி ஊரில் அழ ஆரம்பித்திருந்தாள்.

"முதல் போன் போட்ட பிறகுதான் கொன்றிருக்கிறான்" என்றார் லியாங். மற்ற நாலு விதவைகள் எழுதிக் கொடுத்த நேரத்தையும் காட்டினார். ஒன்றரை மணியைக் கழித்தால் நாலும் அப்படித்தான் வந்தது. ஊர் நேரத்தை இங்கத்தி நேரமாக எடுத்துக்கொண்டு எல்லாரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

வீட்டு நம்பர்கள் அவனுக்கு எப்படிக் கிடைத்தன என்று அடுத்துக் கேட்டார். அதற்கு கௌஸ் பதில் சொல்லவே கூசினார். கடையில் ஒரு நோட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்குகிறது. ஏதாவது ஆனால் ஊருக்குச் சொல்ல வேண்டுமே என்று சுற்றியிருக்கிற கேம்ப் ஆட்களெல்லாம் அதில் வீட்டு நம்பர் எழுதியிருக்கிறார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான். கூச்சப்படாமல் எழுதுங்கள் என்று முதல் வரியில் தன் பெயரை எழுதி, அஸ்மத் பீவி நம்பரையும் போட்டிருந்தார்.

நோட்டை எடுத்து வையுங்கள், நான் கேட் ஆபீஸில் கேமராவைப் பார்க்கிறேன், பத்து நிமிஷத்தில் உங்கள் கடைக்கு வருகிறேன் என்று லியாங் இறங்கிப் போனார்.

ஜூன் மாத வெயிலில் மண் வெளுத்துக் கிடந்தது. மதிய ஓய்வு நேரம், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கம்பெனி பஸ்கள் வரிசையாக நிழலுக்கு ஒதுங்கி நின்றன. தண்ணீர்த் தொட்டி அருகே ஒருவர், "பாய், சாப்பிட்டாச்சா?" என்று தன்மையாகக் கேட்டார். தன்மையான குரல். கௌஸ் தலையை ஆட்டிவிட்டு நடையை எட்டிப் போட்டார். தன்மையாகப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் தினமும் கடைக்கு வருகிறார்கள் என்று நினைக்க நினைக்க, எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தது.

போகும்போது பாதி இறக்கி வைத்த ஷட்டர் அப்படியே இருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தார். ஸ்பிரிங் செத்த ஷட்டர், தோள் பட்டதும் வழக்கம்போலத் தானே கிறீச்சென்று இறங்கி, தரையில் ஒரு விரல்கடை வெளிச்சத்தை மட்டும் விட்டு நின்றது. வெங்காயம், சோப்பு, அரிசிச் சாக்கு, இவற்றின் பழகிய வாசனைக்கு நடுவே இன்னொன்று. தலைவலித் தைலம். அவர் தைலம் தேய்ப்பதில்லை.

ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. அது அடிக்கடி அப்படித்தான் நிற்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அந்த அமைதியில் தன் மூச்சு தனக்கே கேட்டது.

கல்லாவருகே கையால் துழாவினார். கயிறு கைக்கு வந்தது. நோட்டு இல்லை. கயிற்றின் நுனி சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. ஏசி ஓடவில்லை, ஃபேன் ஓடவில்லை. ஆனாலும் அவர் தொடுவதற்கு முன்பே அந்தக் கயிறு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. அஸ்மத் பீவி.

"மச்சான்?" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "நீங்கதானே பேசுறீங்க? அல்லாவே, உசுரே போயிருச்சு."

என்ன என்று கேட்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஒங்க கூட்டாளியாம், இப்பத்தான் பேசி வச்சாரு. கௌஸ் பாய்க்குக் கொஞ்சம் ஒடம்புக்கு முடியலன்னாரு. போன் போட வேண்டாம், போன் எங்கிட்டதான் இருக்குன்னாரு. எனக்கு மனசு கேக்கல மச்சான், அதான் போட்டுட்டேன். நல்லாத்தானே இருக்கீங்க?"

"எப்ப?" என்றார். காற்று மாதிரி.

"வச்சு அஞ்சு நிமிசம்கூட ஆகல." கொஞ்சம் தயங்கினாள். "மிச்சத்த அந்தச் சீனாக்காரரு சொல்லுவாருன்னாரு. அது யாரு மச்சான், சீனாக்காரரு?"

ஷட்டர் ஆறடி தூரம். இடையில் அரிசிச் சாக்குகள். அவர் கண் பின்பக்கம் போனது.

கடைக்குப் பின்பக்கம் அவர் கட்டில். கட்டிலுக்கு முன்னால் திரை. காலையில் திறந்து வைத்துவிட்டுப் போன திரை.

மூடியிருந்தது.

தைல வாசனை. இன்னும் பக்கத்தில்.

"மச்சான்? பேசுங்க மச்சான்."

திரைக்குக் கீழே, ஷட்டர் இடுக்கு வெளிச்சம் விழுந்த சிமெண்டுத் தரையில், இரண்டு வெறுங்கால்கள். தொழுகைக்கு நிற்பது போல அமைதியாக, ஒழுங்காக. அவற்றின் பக்கத்தில், கையில் பிடித்துத் தொங்கவிட்ட ஒரு தலையணையின் முனை.

நீலப் பூ.