மடியில் கட்டிய கல்

கறுப்புத் தாளிலிருந்து அப்போதுதான் பிரித்த புகைப்படத் தட்டில், மருந்துத் தொட்டியில் நனைந்ததும், முட்டை வடிவில் ஒரு கரிய கறை எழுந்தது.

"டீச்சர், தட்டுப் பெட்டியத் தொறந்தீங்களோ?" என்று மனைவியைக் கேட்டான் இத்ரூஸ், இருட்டறையின் சிவப்பு விளக்கடியில் குனிந்தபடி.

"நான் ஏன் தொறக்கிறேன்? குளிக்கப் போறப்போ இடுப்புக் கல்ல அவுத்து அதுமேல வைப்பேன், அவ்வளவுதான்."

"அப்ப நம்ம ஸ்டூடியோவுல வெளிச்சமே வேணாம். போர்டுல எழுதிப் போடுவோம்."

சிரித்துக்கொண்டே அவன் பல்லேபொலக் கலியாணத்துக்குப் படமெடுக்கப் புறப்பட்டான். அவன் மனைவி மஸீனா சிரிக்கவில்லை. போன வாரம்தான் வகுப்பில், கதிரியக்கத்தைக் கண்டறிந்த பெக்கரலின் வாழ்க்கையைப் பாடமாக நடத்தியிருந்தாள்: மேகம் மூடிய நாட்களில், சுற்றிவைத்த தட்டின்மேல் அவர் மறந்துவைத்த தாதுப்பொருள் சூரியனில்லாமலே தன்னை வரைந்துகொண்டது, பின்னாளில் சட்டைப்பையில் சுமந்த ரேடியம் அவர் தோலைச் சுட்டது.

அவள் கை இடுப்புக்குப் போயிற்று.

கருவுற்ற மூன்றாம் மாதம் மாமி நூருன்னிஸா அவள் மடியில் முடிந்துவிட்ட கல் அது. உச்சிப்பொழுதில் வெளியே போகும் பிள்ளைத்தாய்ச்சி, பேய் அண்டாமலிருக்க இரும்பு வைத்திருக்க வேண்டும். "இது இரும்ப வுடப் பாரம் புள்ள, துருவும் புடிக்காது," என்று, இரத்தோட்டை ஓடையில் கிடைத்த அந்தக் கரிய கல்லை மாமி நம்பினாள். இப்போது ஏழாம் மாதம்.

மஸீனா கல்லை அவிழ்த்துக் கொல்லைக் கோடியில், சாதிக்காய் மரத்தடியில் புதைத்தாள். குளித்தாள். வேறு சேலை உடுத்தாள். பிரிக்காத புதுத் தட்டொன்றைத் தாளோடு வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததிலிருந்து பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்கும் வரை அசையாமலிருந்தாள். கூரைத் தகரத்தில் மழை பெய்துகொண்டேயிருந்தது. அடுத்த கடையில் ஏலம் காயவைக்கும் புகை, சுவரின் ஈரத்தோடு கலந்து தொண்டையில் கசந்தது. தட்டு கறையில்லாமல் வந்தால் குற்றம் கல்லோடு போயிற்று. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. வயிற்றுக்குள் பிள்ளை புரளவேயில்லை.

இருட்டறை. சிவப்பு விளக்கு. மருந்தின் புளித்த நெடி.

தட்டு கறுத்தது. ஓரங்கள் முதலில். பிறகு முழுதும்.

நடுவில் மட்டும் வெண்மை.

மெல்லிய எலும்புகள். ஐந்து விரல். உள்ளிருந்து கண்ணாடியில் ஊன்றியது போல விரிந்த, தீக்குச்சி நீளமே உள்ள கை.

அவள் விளக்கை நெருக்கிப் பிடித்தாள். மருந்து அசையவில்லை.

தட்டில் அந்த விரல்கள், ஒவ்வொன்றாக, மடங்கின.