முக்கால் கட்டில்

அவன் மனைவியின் பாதங்கள் கட்டிலுக்குள் இருந்தன.

அதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் அந்தக் கட்டிலைச் செய்தவர்களாக இருக்க முடியாது. அவன் செய்தவன். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை சரியாக ஐம்பத்தேழு அங்குலம். மனைவியின் உயரம் அறுபத்து நான்கு. குடிவந்த முதல் நாள் அவள் படுத்தபோது பாதங்கள் கணுக்கால்வரை வெளியே நீண்டிருக்க, எட்டு வயது மகள் குட்டி உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்ட, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இன்று பன்னிரண்டாம் நாள். பட்டறைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை மதியம். சாப்பிட்ட கையோடு கண்ணயர்ந்தவள் மல்லாந்து, காலை நன்றாக நீட்டிக் கிடந்தாள். பாதத்துக்கும் கால்மாட்டுப் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது.

டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தான். ஐம்பத்தேழு. மறுபடி அளந்தான். ஐம்பத்தேழேதான். அடுத்து மனைவியை அளக்கலாம் என்று தோன்றியது. தூங்குகிற பெண்டாட்டியைத் தலை முதல் கால் வரை டேப் வைத்து அளக்கும் மனிதனைப் பற்றி உலகம் நல்லவிதமாக நினைக்காது. டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது சுருண்டு உள்ளே போன சத்தத்தில் அவள் லேசாகப் புரண்டாள்.

அவன் தச்சன். கட்டடக் கம்பெனிகள் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு மாதிரி வீடு வைத்திருப்பார்களே, அந்த வீடுகளுக்கு மரச்சாமான் செய்கிறவன். அதில் ஒரு தொழில் ரகசியம் உண்டு. எல்லாவற்றையும் முக்கால் அளவில் செய்வார்கள். முக்கால் கட்டில், முக்கால் சோபா, முக்கால் மேஜை. சாமான் சிறுத்தால் அறை பெருக்கும். மாதிரி வீட்டுக் கட்டிலில் யாரும் படுத்துப் பார்ப்பதில்லை. படுத்துப் பார்க்கும் அளவுக்கு விவரமானவர்கள் நகரத்தின் நடு மையத்தில் ஃப்ளாட் வாங்க வருவதுமில்லை. பதினெட்டு வருடமாக இந்த முக்கால் வேலையைச் செய்து, கைக்கு அதுவே அளவாகிவிட்டது அவனுக்கு.

அப்படிப்பட்டவன் ஃப்ளாட் வாங்கினான். வாடகை வீட்டை இடிக்கப் போகிறோம், அறுபது நாளில் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்த இடமெல்லாம் ஒன்று விலை எட்டவில்லை, அல்லது வீட்டுக்காரர்கள் இவனை எட்டவிடவில்லை. ஐம்பத்து எட்டாவது நாள் கட்டடக் கம்பெனியின் விற்பனை ஆள் கூப்பிட்டான். எந்த வெயிலிலும் கழுத்துப்பட்டையைக் கழற்றாதவன் என்பதால் பட்டறையில் அவனுக்கு 'டை' என்று பெயர். பதினேழாம் மாடி மாதிரி வீட்டையே பாதி விலைக்குத் தருகிறேன் என்றான். நிபந்தனைகள் உண்டு. கடைசி ஃப்ளாட் விற்கும்வரை உள்ளே இருக்கும் சாமானை மாற்றக் கூடாது. சனி, ஞாயிறு பார்வையாளர்கள் வருவார்கள். அப்போது குடும்பம் வீட்டில் இருக்க வேண்டும். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது ஒன்பதாவது நிபந்தனை. கையெழுத்துப் போடும்வரை டை அவனை 'சார்' என்றான். போட்டதும் 'அண்ணே' என்றான்.

"எலி வளையானாலும் தனி வளை வேணும்ங்க," என்றாள் மனைவி. அவ்வளவுதான், குடிவந்துவிட்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை குட்டியை அலமாரிக்குள் நிற்க வைத்தான். வந்த முதல் நாளே அவள் உயரத்தை உள்பக்கப் பலகையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். கோடு இப்போது அவள் உச்சந்தலைக்கு மேலே, ஒரு கையளவு தள்ளி இருந்தது.

"நேரா நில்லு."

"நேராத்தான்பா நிக்கறேன்."

"குனியாதே."

"நீதான்பா குனிஞ்சு பாக்கற!"

புதுக் கோடு போட்டான். பென்சில் பலகையில் உரசும் சத்தம் அலமாரிக்குள் பெரிதாகக் கேட்டது. உள்ளேயிருந்து வார்னிஷ் வாசனை அடித்தது. பூசி ஐந்து மாதம் ஆகியும், கதவைத் திறக்கும்போதெல்லாம் இப்போதுதான் பூசியதுபோல, மூக்கின் அடியில் இனிப்பாக, நாக்கில் கசப்பாக, ஈரம் காயாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாள் கழித்து மூன்றாவது கோடு போட்டான். அது இரண்டாவதற்குக் கீழே இருந்தது.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை. குட்டியைப் பார்க்க வெளியாள் யாருமில்லை. மனைவி ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கிறவள். ஒரு மதியம் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கு ஒரு ஆள் என்ன சொன்னாரு தெரியுமா? 'பாப்பா, போனை அம்மாகிட்ட குடு'ன்னாரு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குரல், குவளைக்குள் மாட்டிக்கொண்ட பூச்சியின் குரல்போல, மெலிசாக இருந்தது.

"உனக்கு ஏதாவது வித்தியாசமா தெரியுதா?"

"தெரியுதே." ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. "வாங்கும்போது குருவிக்கூடுன்னு நினைச்சேன். இருக்க இருக்க வீடு பெரிசாகுதுங்க!"

அவன் இடுப்பு வலிக்காரன். அந்தக் கட்டில் அவனுக்கு ஆகாது. முதல் நாளிலிருந்து ஹாலில் தரையில் பாய் போட்டுத்தான் படுத்தான். இரவில் உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வரும். இழைப்புளி மரத்தின் மேல் மெதுவாக, நிதானமாக, சீவல் சுருளச் சுருளப் போகும் சத்தம். தொழில் காதில் தங்கிவிட்டது என்று திரும்பிப் படுப்பான்.

அடுத்து நடந்ததுதான் அவன் செய்த பிழை. அதைத் தச்சன் மட்டும்தான் செய்ய முடியும்.

"அப்பா, சாப்பாட்டு மேஜைல கால் தொங்குது, மரத்துப்போகுது," என்றாள் குட்டி. "எனக்குன்னு ஒரு நாற்காலி செஞ்சு குடு."

சாமானை மாற்றக் கூடாது என்றுதான் நிபந்தனை. சேர்க்கக் கூடாது என்று இல்லை. அவளை உட்கார வைத்து முழங்கால் உயரம், தொடை நீளம் எல்லாம் அளந்து, நல்ல மரமாகப் பொறுக்கி, விளிம்பெல்லாம் உருட்டி இழைத்து, ஒரே நாளில் செய்து கொண்டுவந்தான். அவள் உட்கார்ந்தாள். சிக்கிக்கொண்டாள். நாற்காலி இடுப்போடு கூட எழுந்து வந்தது. பார்த்து மனைவி கைகொட்டிச் சிரித்தாள்.

அவன் டேப்பை எடுத்தான். எழுதிய அளவு சரி. வெட்டிய அளவு அதில் முக்கால். பதினெட்டு வருடப் பழக்கம், கை தானாக வெட்டியிருக்கிறது.

"இருக்கட்டும்பா, நல்லாத்தான் இருக்கு," என்று அப்பாவுக்காகக் குட்டி அதிலேயே உட்கார்ந்தாள். அவள் எழுந்த நேரத்தில் மனைவி அதன் விளிம்பில் ஒண்டி உட்கார்ந்து துணி மடித்தாள்.

நாற்காலி வந்த ஐந்தாம் நாள் அது குட்டிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஏழாம் நாள் மனைவிக்கும்.

சோற்றுத் தட்டோடு நின்றவன் அதைப் பார்த்தான். எல்லாம் விளங்கியது. தட்டை வைத்துவிட்டு நாற்காலியைத் தூக்கிப் பால்கனியில் அடித்து உடைத்தான். குட்டி அழுதாள். அந்த அழுகைச் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

டையின் அலுவலகம் கீழே, தரைத்தளத்தில் இருந்தது.

"அண்ணே! ரொம்ப நல்லா வாழறீங்க. போன வாரம் மட்டும் ஆறு புக்கிங்."

"என் பொண்ணு சின்னதாகிட்டே போறா. என் வீட்டுக்காரியும். நான் சாமானெல்லாம் வெளிய எடுக்கணும்."

"கடைசி ஃப்ளாட் வித்ததும் எடுத்துக்கலாம்ணே."

"இன்னும் எத்தனை பாக்கி?"

"நூத்திப் பன்னெண்டு." டை கழுத்துப்பட்டையை நேராக்கிக்கொண்டான். "ஆமா, உங்க பட்டறைல அடுத்த செட்டுக்குச் சொல்லியிருக்கேன். அரை அளவு. ஜனங்க கண்ணுக்கு முக்கால் பழகிடுச்சு பாருங்க."

"அரை அளவுல யாருடா படுப்பான்?"

டைக்குக் கோபம் வரவில்லை. "விரலுக்குத் தகுந்த வீக்கம்ணே," என்றான்.

அவன் அந்த வேலையைத் தொடமாட்டேன் என்று பட்டறையில் சொல்லிவிட்டு, மூன்று மாலை உட்கார்ந்து வேறொரு கட்டில் செய்தான். முழுக் கட்டில். எழுபத்தாறு அங்குலம். ஒவ்வொரு துண்டையும் நாலு தடவை அளந்து, கையை நம்பாமல், வாய்விட்டு எண்ணிச் சொல்லி வெட்டினான். பிரித்துப் பிரித்து லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து ஹாலில் பொருத்தினான். இருவரையும் அதில் படுக்க வைத்தான். சாமானுக்குத் தகுந்தபடி குறைகிறவர்கள் சாமானுக்குத் தகுந்தபடி கூடத்தானே வேண்டும்.

"கடல் மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி. மகளை இறுக்கிக்கொண்டிருந்தாள். "கரை தெரியல. பயமா இருக்கு."

"கண்ணை மூடித் தூங்கு. எல்லாம் சரியாயிடும்."

விடிந்தபோது பெரிய கட்டில் காலியாக இருந்தது. இருவரும் உள்ளறையில், முக்கால் கட்டிலில், ஒரு தலையணையை இருவரும் பகிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதிலும் கால்மாட்டில் ஒரு முழம் இடம் மிச்சமிருந்தது. பட்டறையில் ஒரு பேச்சு உண்டு: வெட்டின பலகை வளராது. தினம் கேட்கிற பேச்சு. இன்றுதான் காதில் விழுந்தது.

இருவரையும் வாரி எடுத்தான். ஒரு தோளில் மனைவி, ஒரு தோளில் மகள். இரண்டு பேரும் சேர்ந்து அவன் கருவிப்பையின் கனம்கூட இல்லை. வீடு வேண்டாம். நடைபாதை போதும். கதவைத் திறந்து வெளியே கால் வைத்தான்.

மூச்சு நின்றது. அவனுக்கு இல்லை. அவர்களுக்கு.

லிஃப்ட் வரைக்கும் ஓடினான். குட்டியின் உதடு நீலம். மனைவியின் விரல்கள் அவன் காது மடலைப் பிறாண்டின. திரும்பி ஓடி வந்தான். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் இரண்டு மூச்சும் திரும்பின. மறுபடி போனான். மறுபடி நீலம். மூன்றாவது தடவை வாசற்படியில் நின்றான்.

"நம்ம வீட்லயே இருந்துடலாமே," என்றாள் மனைவி அவன் காதோரம். "இவ்ளோ இடம் இருக்கு."

வெள்ளிக்கிழமை பட்டறை விட்டு வந்தபோது பெரிய கட்டிலைக் காணோம். முக்கால் கட்டிலையும் காணோம். அரை அளவுச் சாமான் வந்து இறங்கியிருந்தது. இணைப்பெல்லாம் நேர்த்தி. அவன் கற்றுக்கொடுத்த இணைப்பு. அறை முழுக்க ஈர வார்னிஷ். முப்பத்தெட்டு அங்குலக் கட்டிலில் இருவரும் படுத்திருந்தார்கள். இன்றைக்குப் பொருந்தவில்லை. கால்கள் கொஞ்சம் வெளியே. நாளைக்குப் பொருந்தும்.

அப்புறம் கால் அளவு வரும். அப்புறம் அரைக்கால். ஒரு நாள் அவன் வேலை விட்டு வந்து ஹாலில் மண்டியிட்டுத் தேடுவான். பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் வரும். காதில் விழாது.

அவன் சட்டைப்பையிலிருந்த டேப்பை எடுத்துத் தரையில் வைத்தான். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். முழங்காலை மார்போடு மடக்கினான். சாய்ந்தான். பலகை முனகியது.

"என்னங்க," என்றது பூச்சிக் குரல், தூக்கத்தில், நிம்மதியாக. "கடைசில கட்டிலுக்கு வந்துட்டீங்களா."

விளக்கணைந்த கொஞ்ச நேரத்தில் சத்தம் தொடங்கியது. இழைப்புளி. மெதுவாக. நிதானமாக. இந்தத் தடவை அவன் காலில்.

விடிந்தபோது பாதங்கள் கட்டிலுக்குள் இருந்தன.

பிறகு எத்தனை வாரம் போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. செட் மாறிக்கொண்டே இருந்தது. வீடு பெருகிக்கொண்டே இருந்தது. ஹாலைக் கடக்க ஒரு காலைப்பொழுது ஆனது. ஜன்னல் மேகத்துக்கு மேலே எங்கோ இருந்தது. டேப் வைத்த இடத்திலேயே கிடந்தது, ஒரு வீடு உயரத்துக்கு. அதன் நிழலில்தான் குட்டி விளையாடுவாள்.

ஒரு சனிக்கிழமை வந்தது. பூட்டு திறந்தது. இடி.

தரை நடுங்கியது. காற்று நுழைந்தது, செண்ட் வாசனையோடு.

"யப்பா! எவ்ளோ பெரிய ஹால்!" ஒரு பெண்ணின் குரல், கூரையெங்கும். "ஆள் குடியிருக்கிற வீடுன்னீங்க? ஒருத்தரையும் காணோமே."

"இருக்காங்க மேடம்." டையின் குரல். "பாத்துக் கால் வைங்க."

அந்தப் பெண் சிரித்தாள். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பாள்.

அவன் மகளை இழுத்துக்கொண்டு டேப்பின் பக்கம் ஓடப் பார்த்தான். மனைவி விடவில்லை. அவன் கையைப் பிடித்தாள். குட்டியின் கையைப் பிடித்தாள். ஹாலின் நட்டநடுவில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், மூவரையும் வரிசையாக நிறுத்தினாள். அவள் முகமெல்லாம் மலர்ச்சி.

"சிரிங்க," என்றாள்.

சிரித்தார்கள்.

மேலே, செருப்பின் அடிப்பாகம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு வந்தது.