மூன்று தட்டு

கட்டபெட்டு ஊரைத் தாண்டித் தேயிலைச் சரிவுக்குள் இறங்கும் சாலையில் ஆறுமுகசாமியின் கார் வந்து நின்றபோது காலை பதினொரு மணி. ஆனாலும் கட்டடம் கண்ணில் படவில்லை. மூடுபனி அதை முழுதாக மூடியிருந்தது. முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. பிறகு ஒரு கைப்பிடிச் சுவர். கடைசியில் வாசலில் புதிதாக எழுதியிருந்த பலகை: தாய் சேய் நல மருத்துவமனை.

அவர் இறங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொதுக் கட்டடங்கள் கட்டுவதில் இருபத்தாறு வருட அனுபவம் அவருக்கு. பள்ளிக்கூடங்கள், ஒரு நீதிமன்றம், ஒரு பேருந்து நிலையம். வரைபடம் போடுபவர்களும் பொறியாளர்களுமாகப் பதினான்கு பேர் அவருக்குக் கீழே இருந்தார்கள். அந்தப் பதினான்கு பேரில் யாரையும் அவர் திட்டியதில்லை. யாராவது தப்பு செய்தால் பேசாமல் அவர்களைப் பார்ப்பார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எதிரில் நிற்பவர் தானாகவே உளறத் தொடங்குவார், அல்லது அழுவார். ஒரு பையன் வேலையையே விட்டுப் போய்விட்டான். மௌனத்தைப் போல மலிவான ஆயுதம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மேஸ்திரி சின்னராஜ் கார்க் கதவருகே வந்து குனிந்தான்.

"அந்தப் பொண்ணு காலைலயே வந்துருச்சுங்க சார். பின்னால செவுத்தத் தட்டிக்கிட்டே இருக்குதுங்க."

கட்டடத்தின் பின்புறம் மலையை வெட்டி எடுத்த இடத்தில், மண் சரியாமல் இருக்க இருபதடி உயரத்துக்கு ஒரு தாங்குசுவர். கட்டடத்துக்கும் சுவருக்கும் நடுவே எட்டடிச் சந்து. அங்கே வெயில் விழுந்ததே இல்லை. சுவருக்குள்ளிருந்து மலைத் தண்ணீர் வடிவதற்காக வரிசையாகக் குழாய்கள் பதித்திருந்தார்கள். எல்லாக் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது.

அந்தக் குழாய்க்குப் பக்கத்தில்தான் ராஜப்ரியா நின்றிருந்தாள். திறப்பு விழாவுக்கு முன்பு சுவரின் உறுதியைச் சோதிக்க வெளியிலிருந்து அனுப்பப்பட்டவள். கையில் சின்னச் சுத்தி.

டக். டக். டக்.

இரண்டடி தள்ளித் தட்டினாள்.

டொப்.

"இங்க உள்ள காலியா இருக்கு சார்," என்றாள். "அகலம் ரெண்டடிதான் இருக்கும். உயரம் பாத்தா கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். மிஷின் வெச்சுக் குடைஞ்சு, கை மொத்தத்துக்கு ஒரு துண்டு எடுத்துப் பாத்துடலாமா?"

சின்னராஜ் தொண்டையைச் செருமினான். ஆறுமுகசாமி ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த இரண்டு பேருக்கும் தெரியும்.

போன ஐப்பசியில் இந்தச் சுவருக்குக் கான்கிரீட் போட்ட நாளிலும் இதே மூடுபனிதான். பலகை அடைத்து, கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் விழ வேண்டிய இடுக்குக்குள் ஓர் ஆள் இறங்கிக் கம்பித் துண்டுகளையும் மரத்தூளையும் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். பழனியாண்டிதான் இறங்குவான். ஒல்லியான உடம்பு. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றவர்களோடு கப்பலேறி வந்தவன். வாயில் எப்போதும் வெற்றிலை. வேலை முடிந்து மேலே ஏறி வந்ததும் பலகையில் மூன்று தட்டு தட்டுவான். உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். உடனே ஏணியை உருவிவிடுவார்கள், பம்பு ஓடும். அந்த வேலையிடத்தின் வழக்கம் அது. எழுதி வைத்ததில்லை.

அன்றைக்கு மூன்று தட்டு கேட்டது. தட்டியது தச்சன். வேறொரு பக்கத்தில், ஆப்பு இறுக்குவதற்காக.

பம்பு ஓடியது. கான்கிரீட் விழ விழ, அது நன்றாக இறங்கட்டும் என்று பெண்கள் வெளியே நின்று கொட்டாப்புளியால் பலகையை அடித்தார்கள். அந்த மரச்சுத்திச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம் இருந்தது. தாளத்தில் சேராத சத்தம். சின்னராஜ் ஓடிவந்தான். "சார், உள்ள ஆளுங்க சார்! பழனியாண்டி உள்ள இருக்கறானுங்க!"

ஆறுமுகசாமி வானத்தைப் பார்த்தார். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பாதியில் நிறுத்தினால் மழைக்கு மலை சரியும். ஆறு மாத வேலை போய்விடும். அவர் பேசாமல் நின்றார். அவர் பேசாதவரைக்கும் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

வேறெதையும் அவர் செய்யவில்லை.

பிறகு சொன்னார்: "கொட்டாப்புளிச் சத்தம்ப்பா அது. ஓட்டு."

ஏழு நிமிடம் அந்தச் சத்தம் கேட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியும்.

இப்போது ராஜப்ரியா அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். அந்தத் துண்டு வெளியே வந்தால் பழனியாண்டியும் வெளியே வந்துவிடுவான். இருபத்தாறு வருடமும் ஒரே நாளில் முடிந்து போகும். கையில் விலங்கோடு இந்தச் சரிவில் ஏற வேண்டியிருக்கும்.

ஒரு நிமிடம் ஆயிற்று. ராஜப்ரியா சுத்தியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"குடைஞ்சா இருக்கற பலமும் போயிரும்மா," என்றார் கடைசியில். "முன்னால ஒன்றரை அடி தள்ளி இன்னொரு சுவர் எழுப்பி இதோட சேத்துடலாம். வரைபடம் நாளைக்கு வந்துரும்."

"இல்ல சார், உள்ள என்னன்னு தெரியாம..."

அவர் மறுபடி மௌனமானார். குழாய்கள் சொட்டிக்கொண்டிருந்தன. பெண்ணின் காது சிவந்தது.

"சரிங்க சார். புதுச் சுவர் போட்டு இருபத்தெட்டு நாள் கழிச்சு வந்து தட்டிப் பாக்கறேன்."

அவர் திரும்பியபோது சந்தின் முனையில் கருப்பம்மா நின்றிருந்தாள். பழனியாண்டியின் மனைவி. அவன் காணாமல் போனதிலிருந்து இங்கேயே சித்தாள் வேலைக்கு வருகிறாள். காரணம் கேட்டவர்களிடம், அவர் திரும்பி வந்தால் முதலில் இங்கேதானே வருவார் என்றாள்.

"தொரை," என்றாள்.

"மறுபடியுமா? எத்தன தடவ சொல்றது? உம்புருசன் எவ பின்னாலயோ போயிட்டான். தாராபுரம் பக்கம் பாத்ததா சொல்றாங்க. போய் அங்க தேடு."

"சோத்துப் பாத்திரத்த தொறக்கவே இல்ல தொரை. வச்சது வச்சபடி இருந்திச்சு. ஓடிப்போறவரு தின்னுட்டுத்தானே ஓடுவாரு?"

"நீ பொங்குன சோத்துக்குப் பயந்துதான் ஓடிட்டானோ என்னமோ."

சின்னராஜ் சிரித்தான். சிரிக்க வேண்டிய இடம் அது என்று அவனுக்குத் தெரியும். கருப்பம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் புதுச் சுவருக்குக் கம்பி கட்டி, பலகை அடைத்து முடித்தார்கள். பழைய சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒன்றரை அடி இடுக்கு. உயரம் இருபதடி. மூடுபனி அன்றைக்கும் இறங்கியிருந்தது. பம்பு வந்து நின்றது. ஆனால் சுத்தம் செய்ய யாரும் உள்ளே இறங்கவில்லை.

"என்னப்பா?"

"ஒருத்தரும் மாட்டேங்கறாங்க சார்." சின்னராஜ் குரலைத் தாழ்த்தினான். "உள்ளுக்குள்ள வெத்தல வாசம் அடிக்குதுன்னு சொல்றாங்க. நானும் போய் மோந்து பாத்தேனுங்க."

"மீசையெல்லாம் எதுக்கு? செரச்சு எறிஞ்சுட்டுப் போங்க." பத்து ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். "ஏணியப் புடி. நானே பாக்கறேன்."

கான்கிரீட் போட அனுமதிக்கும் சீட்டில், உள்ளே பார்த்து முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் எப்போதும் முதலிலேயே போட்டுவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"நீ பம்புகிட்ட போய் நில்லு. மூணு தட்டு கேட்டதும் ஓட்டு. லேட் பண்ணாத."

இடுக்கின் வட முனையில் ஏணி இருந்தது. இறங்கினார். மேலே வெள்ளையாக ஒரு கீற்று. கீழே பச்சைத் தண்ணீரின் அடியில் நடப்பது போன்ற வெளிச்சம். இடப்பக்கம் பலகை, வலப்பக்கம் பழைய சுவர், நடுவில் கம்பிகள். பக்கவாட்டில்தான் நகர முடிந்தது. குனிந்து ஒன்றிரண்டு கம்பித் துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பதடி நகர்ந்த பிறகு அந்த வாசனை வந்தது.

வெற்றிலை. சுண்ணாம்பு. இப்போதுதான் மென்றது போல ஈரமான வாசனை.

காய்ந்த குழாய் அவர் முக உயரத்தில் இருந்தது. அதிலிருந்து இளஞ்சூடான காற்று வந்து கன்னத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது. நின்றது.

காற்றுதான், என்று நினைத்துக்கொண்டார். மலைக்குள்ளிருந்து வரும் காற்று.

காற்றுக்கு இப்படி இடைவெளி விடத் தெரியாது.

அவர் அசையவில்லை. வாழ்நாளில் முதன்முறையாக எதிரில் இருப்பது தன்னைவிட நீளமாக மௌனமாக இருப்பதை உணர்ந்தார். ஏதாவது பேசிவிட வேண்டும் போலிருந்தது. அவர் எதிரே நின்றவர்களுக்கெல்லாம் தோன்றிய அதே தவிப்பு.

"கேக்கலப்பா," என்று உளறினார். "சத்தியமா அன்னிக்கு எனக்குக் கேக்கல..."

குழாயிலிருந்து வந்த மூச்சு நின்றது.

இடப்பக்கம், அவர் முழங்கால் உயரத்தில், பலகை அதிர்ந்தது.

ஒன்று.

அங்கே யாரும் இல்லை. கம்பியும் பலகையும்தான்.

இரண்டு.

தட்டு வெளியிலிருந்து விழவில்லை. உள்ளிருந்து விழுந்தது. பலகையின் உட்புறத்தில் ஈரமான விரல் முட்டிகளின் தடம் பதிவதை அவர் பார்த்தார். அடுத்தது என்ன என்று அவருக்குப் புரிந்தது. இரண்டு கைகளையும் பலகையின் மேல் வைத்து அழுத்தினார். மூன்றாவது விழக் கூடாது.

மூன்று.

"காலி!" வெளியே சின்னராஜின் குரல். "ஏணிய உருவு! ஓட்டு!"

ஏணி மரத்தில் உரசிக்கொண்டு மேலே போகும் சத்தம் கேட்டது. பம்பு உறுமியது. அவர் கத்தினார். அந்த உறுமலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பக்கவாட்டில் நகரப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த கம்பித் துண்டு குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. மேலேயிருந்து சாம்பல் நிறத்தில் கனமாக முதல் கான்கிரீட் விழுந்தது. பாதங்கள் குளிர்ந்தன. பிறகு முழங்கால். கையை முட்டியாக்கிப் பலகையைக் குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார்.

வெளியே பெண்கள் கொட்டாப்புளியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மா அடிப்பதை நிறுத்தினாள்.

"உள்ளுக்கு சத்தம் கேக்குது மேஸ்திரி."

சின்னராஜுக்கும் கேட்டது. தாளத்தில் சேராத சத்தம். என்ன செய்வது என்று கேட்க ஆறுமுகசாமியைத் தேடினான். மூடுபனியில் மூன்றடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மேலே ஏறித் தட்டிவிட்டு எங்கேயாவது நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லையென்றால் ஓட்ட வேண்டும் என்றுதான் அர்த்தம். போன வருடம் அவன் அதைக் கற்றுக்கொண்டிருந்தான்.

"கொட்டாப்புளிச் சத்தம் அது," என்றான். "நீ அடி."

கருப்பம்மா அவனை ஒரு முறை பார்த்தாள். பிறகு அடித்தாள். மற்றவர்களைவிட ஓங்கி அடித்தாள்.

ஆறுமுகசாமி காணாமல் போனதைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். கார் சாலையோரத்தில் நின்றது. எந்தப் பெண்ணின் பின்னாலோ போய்விட்டார், தாராபுரம் பக்கம் பார்த்தார்கள் என்றார்கள். அவர் மனைவி கோகிலவாணி கோயம்புத்தூரிலிருந்து வந்து, கட்டடத்து வாசலில் நின்று எல்லோரிடமும் கேட்டாள்.

"கண்ணாடி கார்லயே இருக்குதுங்க. அது இல்லாம ஒரு எழுத்துப் படிக்க மாட்டாரு. போறவரு அத எடுத்துட்டுத்தானுங்களே போவாரு?"

சின்னராஜ் அதற்குள் வேலையை விட்டிருந்தான்.

இருபத்தெட்டாம் நாள் ராஜப்ரியா வந்தாள். அவள் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவமனையைத் திறந்துவிட்டிருந்தார்கள். முன்பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பின்சந்தில் கருப்பம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். இங்கேயே துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

ராஜப்ரியா முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டக். டக். டக். எங்கும் கெட்டியான சத்தம். முன்பு காலியாக ஒலித்த இடத்துக்கு நேரே பத்து முறை தட்டினாள். அங்கேயும் கெட்டி. 'குறை எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுத்தியைப் பைக்குள் வைத்தாள்.

சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. நிதானமாக.

அவள் சட்டெனச் சுவரை நோக்கித் திரும்பினாள். கருப்பம்மா தலையைத் தூக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருங்கம்மா," என்றாள். "உள்ளுக்கு ஆளு இல்லைன்னு சொல்றாரு."

அது அடங்கிய பிறகு, கொஞ்சம் கீழே, வேறொரு சத்தம் தொடங்கியது. எண்ணிக்கையில்லாமல், மூச்சுவிடாமல், முட்டியால் குத்திக் குத்தி.

"அப்ப அது?" ராஜப்ரியா ஓரடி பின்வாங்கினாள். "அது என்ன சத்தம்?"

கருப்பம்மா பெருக்குவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தாள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"கொட்டாப்புளிச் சத்தம்மா அது," என்றாள்.