மலை மேல் இல்லாத மேகம்

காலை 10.20.

தபால் விமானம் மலையில் மோதி ஐந்து மணி நேரமாகப் போகிறது. விமானியின் உடலைக் கீழே இறக்கிவிட்டார்கள். பழியை யார் தலையில் இறக்குவது என்பதுதான் பாக்கி.

வானிலை நிலைய இயக்குநருக்கு அதில் சந்தேகமே இல்லை. பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகளாகப் பட்டங்களைக் கோத்திருந்தவர். அறிக்கை தயார்: ‘வானம் தெளிவு. விமானியின் அலட்சியம்.’ பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்து.

“அலட்சியம்னு மட்டும் எழுதிடாதீங்க சார்,” என்றாள் விமானியின் மனைவி. “பிள்ளைங்க காலம்பூரா அதைத்தான் படிக்கும்.”

“செயற்கைக்கோள் பொய் சொல்லாதும்மா.” 5.20 மணிப் படத்தில் மலைமேல் பொட்டு மேகம் இல்லை.

பெண் இன்ஸ்பெக்டர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். “இருட்டுல இதுக்கு எப்படி மேகம் தெரியும்?”

பதில் மூலையிலிருந்து வந்தது. மொட்டை மாடியில் நின்று வானத்தைக் கண்ணால் பார்த்து எழுதும் ஊழியர். நிலையத்தில் அவர் பெயர் ஆந்தை.

“சூட்டை வெச்சு மேடம். உசரத்து மேகம் ஜில்லுனு இருக்கும், பளிச்சுனு தெரியும். மலையோட ஒட்டிப் படுத்த மேகமும் தரையும் கிட்டத்தட்ட ஒரே சூடு. பிரிச்சுப் பாக்கத் தெரியாது.”

“அப்போ ‘மேகம் இல்லை’ன்னா?”

“‘எனக்குத் தெரியலை’ன்னு அர்த்தம். இருக்குன்னு நான் எழுதினேன்.”

“இவருக்குக் கண்புரை,” என்றார் இயக்குநர். “எழுதினதை நீங்களே படிங்க.”

ஆந்தையின் குறிப்பேட்டுப் பக்கத்தின் தட்டச்சுப் பிரதி ஒன்று நீண்டது.

“மூலப் பக்கம்?”

“காபி கொட்டிருச்சு.”

“பாவம், காபி.”

10.45. இன்ஸ்பெக்டர் உரக்கப் படித்தார்.

“4.20: மலையுச்சிக் கோபுர விளக்கு தெரிகிறது. 4.50: விளக்கு மங்கல். 5.20: மலை தெளிவாகத் தெரிகிறது. இன்னிக்குச் சூரியன் எத்தனை மணிக்கு?”

“ஆறு முப்பத்தொண்ணு,” என்றார் ஆந்தை.

இயக்குநர் கைக்குட்டையைத் தேடினார்.

“மாடியேறிப் பாக்கறவர் இருட்டுல விளக்கைத்தான் எழுதுவார், மலையை இல்ல. கடைசி வரியை எழுதினவர் மாடிப்பக்கமே போனதில்லை. வெயில் வந்தப்புறம் உங்க ரூம் ஜன்னல் வழியாப் பாத்து அடிச்சிருக்கார். நீங்கதான் சார்.”

“படத்துல இல்லவே இல்லையே...” பட்டங்கள் எதுவும் உதவிக்கு வரவில்லை.

விமானியின் மனைவி எழுந்து மேசைக்கு வந்தாள்.

“கிளம்பறதுக்கு முன்னாடி அவர் கேட்டாரா?”

“கேட்டார். மலைமேல மேகம் இருக்கான்னு... ரெண்டு தடவை. படம் சுத்தமா இருக்குன்னேன்.”

அவள் பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

“எழுதுங்க. ரெண்டு தடவைன்னு எழுதுங்க.”