பதினான்காம் கமரா

பதினான்காம் கமரா அனுப்பிய படத்தில் ஐந்து பேர் நின்றார்கள். காட்டுக்குள் போனது நாலு பேர்.

மேனுஷா திரையில் விரல் வைத்து எண்ணினாள். முன்னுக்கு மரினா, அந்த ஊர்ப் பெட்டை, நெற்றியில் கட்டிய லைட்டோடு. அடுத்து இரண்டு ரஷ்யப் பெடியன்கள். கடைசியாக லக்‌ஷிகா, மேனுஷாவின் தங்கை, கேட்காமலே எடுத்துக்கொண்டு போன மேனுஷாவின் மழைக்கோட்டில், வாய் நிறையச் சிரிப்போடு. அவளுக்கு நாலைந்து அடி பின்னால், இரண்டு மரங்களுக்கு நடுவில், இன்னொன்று நின்றது. மரம் என்றுதான் மேனுஷா முதலில் நினைத்தாள். ஆனால் மரத்துக்குத் தோள் இருக்காது.

லண்டன் சட்டனில் அப்போது பகல் ஒன்றேகால். பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டும் சத்தம் யன்னலில் மோதிக்கொண்டிருந்தது, கீழே குசினியில் அம்மா நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை போட்ட வாசம் படியேறி அறை முழுக்கப் பரவியிருந்தது, யூலை வெயில் மேசையின் பாதியைப் பிடித்திருந்தது. அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே அந்தத் திரையில் மட்டும் இரவு பத்தேகால் மணி. ஆந்தைகளைக் கணக்கெடுக்கும் வேலை அங்கே இருட்டிய பிறகுதான் தொடங்கும்.

ரஷ்யாவின் தூரகிழக்கில் ஒரு காப்புக்காடு. கோடை காலத்தில் மாணவர் பரிமாற்றம்: லண்டனில் இருந்து ஒருவர் அங்கே போய் ஆறு கிழமை வேலை செய்யலாம், அடுத்த வருடம் அங்கேயிருந்து ஒருவர் இங்கே வரலாம். 2019இல் அவர்களின் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது ஒரேயொரு இடம். அக்காவும் தங்கையும் விண்ணப்பித்தார்கள். இருவருக்கும் ஒரு வயதுதான் இடைவெளி, படிப்பதும் ஒரே பாடம், படுப்பதும் ஒரே அறை. மேனுஷா இராப்பகலாகப் படித்து ரஷ்ய எழுத்துகூடப் பழகினாள். லக்‌ஷிகா நேர்முகத்துக்குப் பத்து நிமிடம் பிந்திப் போய், கதைத்துச் சிரித்துவிட்டு வந்தாள். இடம் அவளுக்குக் கிடைத்தது.

மேனுஷாவுக்குக் கிடைத்தது ஆறுதல் பரிசு. வீட்டில் இருந்தபடி, அந்தக் காட்டின் கமராக்கள் அனுப்பும் படங்களைத் தரம் பிரிக்கும் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று பொத்தான்கள்: மிருகம், மனிதர், வெறுமை. மனிதர் என்று அழுத்தினால் படம் அந்தக் கணமே அழிந்துவிடும். ஆட்களின் படத்தை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. நாலாவதாக, ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். பாதைக்குக் கிட்டக் கரடியோ புலியோ தெரிந்தால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் வனக்காவலர்களின் ரேடியோ அலறும், அவர்கள் ஓடிப்போய் மாணவர்களைக் கூட்டிவந்துவிடுவார்கள்.

பின்னங்காலில் எழும்பி நிற்கும் கரடியாக இருக்கலாம். அப்படியென்றாலும் சிவப்பைத்தான் அழுத்த வேண்டும். மேனுஷாவின் விரல் அதன் பக்கம் போனது.

போன வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலில் அம்மா அர்ச்சனைக்கு லக்‌ஷிகாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டும் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மூத்தவள் நிற்கிறாள் என்பதே அம்மாவுக்கு மறந்து போயிற்று. வீட்டுக்கு யார் வந்தாலும் ரஷ்யக் கதைதான். இப்போது சிவப்பை அழுத்தினால் என்ன நடக்கும்? கரடியிடம் தப்பிய பிள்ளை என்று இன்னும் ஆறு மாதத்துக்கு அம்மா லண்டன் முழுக்கச் சொல்லித் திரிவாள். கண்டுபிடித்தது யார் என்று ஒரு மனிசரும் கேட்கப் போவதில்லை.

மனிதர் என்பதை அழுத்தினாள். ஐந்து உருவங்களும் ஒன்றாக மறைந்தன.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லக்‌ஷிகாவே வீடியோவில் வந்தாள். அங்கே விடியப்போகிறதாம், நித்திரை வரவில்லையாம். அம்மா போனைத் தண்ணீர்ச் செம்பில் சாத்தி வைத்துக்கொண்டு, தின்னக் கொடுக்கிறார்களா, குளிருதா என்று கேட்டுத் தீர்த்தாள்.

"அக்கா, நீயும் வந்திருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்," என்றாள் லக்‌ஷிகா.

அவள் அதை மனதாரத்தான் சொன்னாள். அதைத்தான் மேனுஷாவால் பொறுக்க ஏலவில்லை.

"ராவில எத்தினை பேர் காட்டுக்க போறனீங்கள்?"

"நாலு பேர். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

அதற்குப் பிறகு மேனுஷா பதினான்காம் கமராவுக்காகவே காத்திருந்தாள். மற்றக் கமராக்களின் மான்களையும் பன்றிகளையும் பார்க்காமலே தள்ளிவிட்டாள். அது ஒவ்வொரு நாளும் இருந்தது. செவ்வாய்க்கிழமை நாலடி பின்னால். வியாழக்கிழமை மூன்றடி. இரவுப் படத்தில் கமரா வெளிச்சம் பட்டால் எந்த உயிரின் கண்ணும் வெள்ளையாக மின்னும், லக்‌ஷிகாவின் கண்கூட மின்னியது. அதன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் மின்னவில்லை. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். சூடான உடம்பு ஒன்று அசைந்தால்தான் அந்தக் கமரா படம் பிடிக்கும். லக்‌ஷிகா கடக்கும் படங்களில் மட்டும் அது நின்றது. தனியாக அது அகப்பட்ட படம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இரவில் காலைப் போர்வைக்கு வெளியே வைக்கக்கூடப் பயம். ஆனால் காலையில் எழும்பினால் அம்மாவின் வட்சப்பில் புதுப்படம் இருக்கும், ஆற்றங்கரையில் லக்‌ஷிகா, கறுத்த ரொட்டியும் உப்பும் நீட்டும் மரினாவோடு லக்‌ஷிகா, கீழே மாமிமாரின் நாற்பது இதயங்கள். அந்த இதயங்களைப் பார்த்ததும் இரவுப் பயம் எங்கேயோ ஒதுங்கிவிடும். மனிதர். மனிதர். மனிதர். ஒவ்வொன்றாக அழித்தாள். கொஞ்சம் பயந்து வரட்டும் என்றுதான் நினைத்தாள். வேறொன்றும் நினைக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

கடைசிக் கிழமையில் ஒரு படம் வந்தது. லக்‌ஷிகா தனியாக நின்றாள், சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தபடி. மற்ற மூவரும் முன்னால் போயிருக்க வேண்டும். அது அவளுக்குப் பின்னால் இல்லை. அவளுக்கு மேலே வளைந்து நின்றது. நீளமான ஒரு கை அவளுடைய தலைக்கு மேல் விரிந்திருந்தது. தொடவில்லை. அளவெடுப்பதுபோல இருந்தது.

சிவப்புப் பொத்தான். ஒரு தட்டுத்தான். மேனுஷா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழே அம்மா யாரோடோ போனில் கதைப்பது கேட்டது. "ஓமோம், இளையவள்தான். மூத்தவளுக்கு அந்தக் கெட்டித்தனம் காணாது."

மேனுஷா மனிதர் என்பதை அழுத்தினாள்.

அடுத்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் லக்‌ஷிகா ஹீத்ரோவில் வந்து இறங்கினாள், கையும் காலும் சரியாக. அம்மா கட்டிப்பிடித்து அழுதாள். மேனுஷாவுக்கும் கண்ணீர் வந்தது. நிம்மதிதான் அது. ஆனாலும் அதற்குள்ளே ஒரு துளி ஏமாற்றம் கிடந்ததை அவளால் தனக்கே மறைக்க ஏலவில்லை.

வந்தவள் நல்லவளாக இருந்தாள். முன்னைவிட நல்லவள். மழைக்கோட்டைக் கழுவி மடித்து மேனுஷாவின் கட்டிலில் வைத்தாள். ரஷ்யாவைப் பற்றிக் கேட்டவர்களிடம், "அக்காதான் முழு வேலையும் செய்தவ, நான் சும்மா நடந்தனான்," என்றாள். மாமிமார் மேனுஷாவின் பக்கம் திரும்பினார்கள். அம்மாகூட மூத்தவளின் தலையைத் தடவினாள். இத்தனை வருடமாக ஏங்கியது இதற்குத்தான். மேனுஷாவால் அதில் சந்தோசப்பட ஏலவில்லை.

லக்‌ஷிகா கதிரையில் இருப்பதில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் மட்டும் உட்காருவாள், அவர்கள் எழும்பிப் போனதும் எழும்பிவிடுவாள். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு கையையும் தொங்கவிட்டு, நேராக நிற்பாள். கேட்டால் இடுப்பு வலி என்றாள். ஒருநாள் பின்னேரம் மேனுஷா ஒரு மணித்தியாலம் புத்தகம் படித்துவிட்டு நிமிர்ந்தபோதும் அவள் அப்படியேதான் நின்றாள். நாலடி தள்ளி. அடுத்த நாள் மூன்றடி.

அந்தக் கிழமை மேனுஷா பல்கலைக்கழகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு பழைய கமராவைச் சோதித்துப் பார்க்க விறாந்தையில் வைத்தாள். சோதனைக்கு விட்டால் அது படம் பிடிக்காது, சூடான உடம்பு ஏதும் கடந்தால் சிவப்பு லைட் மட்டும் மினுக்கும். உடுப்புக் கூடையோடு அம்மா போனாள். மினுக்கியது. மேனுஷா கையை ஆட்டினாள். மினுக்கியது.

லக்‌ஷிகா குளியலறையில் இருந்து வந்தாள். கமராவுக்கு முன்னால், மெல்ல, ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் நடந்தாள்.

லைட் மினுக்கவில்லை.

அவள் நின்றாள். திரும்பி வந்து இன்னொரு முறை நடந்தாள். மேனுஷாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"பழுதாப் போச்சோ, அக்கா?"

மேனுஷா அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். மடிக்கணினியைத் திறந்தாள். ஓகஸ்ட் முடியும்வரை வேலை அவளுடையதுதான், கிழமைக் கணக்கில் திறக்காத படங்கள் குவிந்து கிடந்தன. பதினான்கு. கடைசிப் படம். அன்றைய திகதி. எடுத்து ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது.

இருட்டு. மரங்கள். நடுவில் லக்‌ஷிகா.

மழைக்கோட்டு இல்லை. சப்பாத்து இல்லை. முழங்கால்வரை சேறு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கமராவுக்கு நேரே நின்றாள். இரண்டு கண்ணும் வெள்ளையாக மின்னின.

முந்திய படத்தைத் திறந்தாள். லக்‌ஷிகா. அதற்கு முந்தியதும். நேற்று. முந்தநாள். போன ஞாயிறு. எல்லாவற்றிலும் அவள் கமராவுக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் படங்களை யார் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மேனுஷா சிவப்பை அழுத்தினாள். அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. மாணவர் குழு ஊர் திரும்பிவிட்டது. எச்சரிக்கை அனுப்பப்படவில்லை.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. பின்னால் யாரும் மூச்சு விடவும் இல்லை. ஆனால் திரையின் கறுப்பில், அவளுடைய தோளுக்கு மேலே, ஒரு முகம் இருந்தது.

"அண்டைக்கு அழுத்தேல்லைத்தானே, அக்கா," என்றது அது, அன்பாக. "இண்டைக்கு மட்டும் ஏன்?"

மேனுஷாவால் திரும்ப ஏலவில்லை. கீழே கோப்பைகள் வைக்கும் சத்தம். பிறகு, எந்த நாளும் கூப்பிடுவதுபோல, அம்மா படியடியில் நின்று கூப்பிட்டாள்.

"லக்‌ஷி! சாப்பிட வா பிள்ளை!"

"வாறனம்மா," என்றது பின்னால் நின்றது.

திரை ஒருமுறை இருண்டு புதுப்படம் விழுந்தது. காட்டுக்குள் லக்‌ஷிகா முகத்தை ஒரு பக்கம் திருப்பி, ஏதோ காதில் விழுந்தவளைப்போலக் கழுத்தை நீட்டி, பதில் சொல்ல வாயைத் திறந்திருந்தாள்.